தேங்கிய மாற்றமும் தொடர் வழங்கலும்
(பெங்களூரில், சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழும் இசையும் மணக்கும் இவ்விழா மேடையில் மென்பொருள் தொழில் செய்வான் ஒருவனுக்கும் இடம் தந்தமைக்கு முதற்கண் என் நன்றி உரியதாகுக. "உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள்; ஆனால் எங்களுக்கு விளங்குமாறு தமிழிற் பேசுங்கள்" என்று செயற்குழுவினர் கட்டளையிட்டனர். முற்பகுதி எளிது, பிற்பகுதியே அரிது. எங்கள் அலுவலகங்களில் வழங்கும் மொழி முழுத் தமிழும் அன்று, முழு ஆங்கிலமும் அன்று. இரண்டிலிருந்தும் தப்பி வந்த ஒரு பாதி மொழி. இயன்றவரை அதனை விலக்கிப் பேச முயல்வேன். விலக்க இயலாத சொல் இடையே வந்தால் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

பெங்களூரில் வாழும் நமக்கு இத்தொழில் அயலானதன்று. இம்மன்றத்தில் அமர்ந்துள்ள குடும்பங்களுள், ஒரு மகனோ மகளோ மருமகனோ மென்பொருள் அலுவலகத்திற் பணி புரியாத குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி வினவும் வினா ஒன்றுண்டு. "வாரமெல்லாம் உழைக்கின்ற பிள்ளை சனிக்கிழமை இரவும் ஏன் ஐயா கண் விழிக்கின்றான்?" என்பதே அது. பிள்ளையைக் கேட்டால் 'ரிலீஸ்' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு உறங்கச் சென்றுவிடுவான். அந்த ஒரு சொல்லை விரித்துரைப்பதே இன்று என் வேலை. அவ்விழிப்பின் பெரும்பகுதி தேவையற்றது என்பதும், அதனை ஒழிக்கும் வழி உண்டு என்பதும், நிறுவனம் வளர வளர அவ்வழியை மேற்கொள்ளுதல் கடினமாகின்றது என்பதும் நான் கூறக் கருதுவன.

நீங்கள் கைப்பேசியில் பணம் அனுப்புகின்றீர்கள். இரயிலுக்குச் சீட்டுப் பதிவு செய்கின்றீர்கள். அவற்றின் பின்னே நிரல்கள் உள்ளன. நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் எழுதி வைக்கும் கட்டளைத் தொகுதி. அஃது அச்சேறி முடிந்த நூல் போன்றதன்று, நாள்தோறும் திருத்தப்படுவது. அரசு ஒரு வரி விதியை மாற்றும்; வங்கி ஒரு படிவத்தை மாற்றும்; எங்கோ ஒரு பிழை கண்ணிற் படும். ஒருவர் ஒரு பகுதியைத் திருத்த, அதே நாளில் மற்றொருவர் வேறொரு பகுதியைத் திருத்துவார். இத்திருத்தங்களையெல்லாம் ஒன்று சேர்த்து, சோதித்து, சர்வர் எனப்படும் கணிப்பொறிகளில் ஏற்றி, மக்கள் பயன்பாட்டிற்கு விடுவதே வெளியீடு. எழுதுதல் ஒரு கலை. எழுதியதைத் தீங்கின்றி மக்கள் கையிற் சேர்த்தல் மற்றொரு கலை. முன்னதைக் கல்லூரிகளில் நான்காண்டுகள் கற்பிக்கின்றனர். பின்னதைப் பெரும்பாலோர் வேலைக்கு வந்தபின், அதுவும் நள்ளிரவிலேதான், கற்றுக்கொள்கின்றனர்.

ஐந்து பேருடன் ஒரு நிறுவனம் தொடங்குகின்றது என்று கொள்வோம். ஐவரும் ஓர் அறையில் இருப்பர். ஒருவர் செய்த மாற்றம் மற்ற நால்வருக்கும் அன்றே தெரியும். காலையில் எழுதியதை மாலையில் வெளியிடுவர். பிழை தோன்றினால் அடுத்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாற் போதும். இந்த ஐவரிடையே ஒருவரோடொருவர் பேசும் வழிகளைக் கோடுகளாக இழுத்தால் 10 கோடுகள் வரும். நிறுவனம் செழித்து ஐம்பதின்மர் ஆயினர் என்க. இப்போது கோடுகள் 1,225. ஆள் பத்து மடங்காகப் பேச்சு நூற்றிருபது மடங்குக்கு மேலாகின்றது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் மென்பொருட் பணியொன்றை முன்னின்று நடத்திய பிரெடெரிக் புரூக்ஸ் என்னும் அறிஞர், 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இக்கணக்கை எடுத்துக்காட்டினார். காலம் தாழ்ந்த பணியில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் காலம் தாழும் என்று அவர் கண்டதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

ஐம்பதின்மரான பின் ஒருநாள் பெரும்பிழை ஒன்று நேர்கின்றது. முதலாளி அஞ்சுகின்றார். "இனிச் சோதனைக்கெனத் தனித்துறை வேண்டும், வெளியீட்டிற்கெனத் தனி அதிகாரி வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு குழு பார்த்துக் கையொப்பமிட வேண்டும், வாரந்தோறும் வெளியிட்டதை இனி மூன்று திங்களுக்கு ஒருமுறை வெளியிடுவோம்" என்று ஆணையிடுகின்றார். தனித்தனியே நோக்கின் ஒவ்வோர் ஆணையும் அறிவுடையதாகவே தோன்றும். ஆனால் விளைவு யாது? மூன்று திங்களில் முந்நூறு மாற்றங்கள் சேர்கின்றன. ஒரே ஒரு மாற்றத்தை வெளியிட்டபின் பிழை தோன்றின், ஐயப்படுதற்குரியது அந்த ஒன்றே. முந்நூறு மாற்றங்களை ஒருங்கே வெளியிட்டபின் பிழை தோன்றின், தனித்தனியே முந்நூற்றையும் ஐயுற வேண்டும். எவ்விரண்டு சேர்ந்து கேடு செய்தன என்று இணை இணையாகப் பார்க்கப் புகுந்தால் 44,850 இணைகள்! வெளியீடு மேலும் அச்சந்தருவதாகின்றது. அச்சம் மிகுந்ததும், மூன்று திங்கள் ஆறு திங்களாகின்றது.

நம் ஊர் ஏரிகளை நினைத்துப் பாருங்கள். மதகைத் திறக்க அஞ்சி நீரைத் தேக்கிக்கொண்டே போனால் கரைக்குத்தான் ஆபத்து. அளவறிந்து நாள்தோறும் வாய்க்காலில் விட்டால் பயிரும் வாழும், கரையும் நிற்கும். ஆண்டுக்கொருமுறை போகிக்கு மட்டும் வீட்டைப் பெருக்கும் இல்லத்தரசி எவரேனும் உண்டா? அப்படி ஒருவர் இருப்பின், போகிப் பண்டிகை வரும்போதெல்லாம் அவருக்கு இடுப்புவலி வருதல் இயல்பே.

அஞ்சி அஞ்சிச் செய்வதையும் கையாற் செய்தால் நேரும் கேட்டிற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி கூறுவேன். அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்றொரு பங்குத்தரகு நிறுவனம் இருந்தது. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்க இருந்தமையால், அதற்குரிய நிரலை எட்டுச் சர்வர்களில் ஏற்றினர். ஏற்றியவர் ஏழில் ஏற்றி ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாமவர் இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-ஆம் ஆண்டிலேயே பயன்பாடு நிறுத்தப்பட்ட ஒரு பழைய நிரற்பகுதி நீக்கப்படாமற் கிடந்தது. முன்பு அப்பழைய பகுதியை எழுப்பிய அதே அடையாளக் குறியைப் புதிய நிரலுக்கும் பயன்படுத்தியிருந்தனர். சந்தை திறந்ததும் உறங்கிக் கிடந்த பழைய பகுதி விழித்தெழுந்து, வேண்டாத பங்குகளை ஓயாமல் வாங்கவும் விற்கவும் தொடங்கிற்று. சந்தை திறக்குமுன்பே தானியங்கிக் கடிதங்கள் 97 வந்து எச்சரித்தன. எவரும் அவற்றை எச்சரிக்கையாகக் கொள்ளவில்லை. குழப்பத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். கேடு ஏழு இடங்களிலும் பரவிற்று. ஏறக்குறைய 45 நிமிடங்கள்! இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டில் அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து தன் தனிவாழ்வை முடித்துக்கொண்டது.

இதனைக் கேட்டவுடன் "அந்த ஊழியரின் கவனக்குறைவு" என்று கூறத் தோன்றும். எட்டு முறை கையாற் செய்ய வேண்டிய செயலில் மனிதன் ஒருமுறை தவறுதல் இயற்கை. அவ்வேலையை மனிதனிடம் விட்டு வைத்ததே குறை என்பது என் துணிபு.

இனி மாற்று வழிக்கு வருவோம். தொடர் வழங்கல் என்று நான் குறிப்பது, மென்பொருளை எந்நேரமும் வெளியிடத்தக்க நிலையில் வைத்திருக்கும் ஒழுங்கினை. எழுதுவோர் தத்தம் வேலையை நாள்தோறும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்னும் கொள்கையைக் கெண்ட் பெக் முதலியோர் 1990-களின் இறுதியிலேயே வற்புறுத்தினர். 2009-ஆம் ஆண்டில் பிளிக்கர் என்னும் புகைப்படத் தளத்தைச் சார்ந்த ஜான் ஆல்ஸ்பா, பால் ஹேமண்ட் என்னும் இருவர், தாங்கள் நாளொன்றுக்குப் பத்து முறைக்கு மேல் வெளியிடுவதாக ஒரு மாநாட்டிற் கூறியபோது கேட்டோர் பலர் வியந்தனர். மறு ஆண்டில் ஜெஸ் ஹம்பிள், டேவிட் பார்லி ஆகியோர் இப்பொருள் பற்றியே ஒரு பெருநூல் எழுதினர். நாடோறும் வெளியிட்டே ஆக வேண்டும் என்பது இதன் பொருளன்று. வெளியிடுதல் வணிகர் விருப்பம். வெளியிட ஆயத்தமாயிருத்தல் தொழிலர் கடமை. இவ்வேறுபாட்டை உணராதோரே "எங்கள் துறைக்கு இது பொருந்தாது" என்று கூறி விலகுகின்றனர்.

பொருந்தும் என்பதற்குச் சான்று நம் நகரத்தையும் தொட்டு நிற்கின்றது. எச்.பி. நிறுவனத்தின் லேசர்ஜெட் அச்சுப்பொறிகளுக்குள் இயங்கும் மென்பொருளை ஏறத்தாழ 400 பேர் எழுதி வந்தனர். அவர்கள் அமெரிக்காவிலும் பிரேசிலிலும் இந்தியாவிலும் பரவியிருந்தனர். பெங்களூர் அப்பணியிடங்களுள் ஒன்று. 2008-ஆம் ஆண்டளவில் அவர்கள் தம் நேரக் கணக்கைப் பார்த்தபோது திடுக்கிட்டனர். ஒவ்வொரு வகை அச்சுப்பொறிக்கும் நிரலின் தனிக்கிளை ஒன்று இருந்தமையால், ஒரு கிளையில் திருத்தியதை மறுகிளைக்கு எடுத்துச் செல்வதிலேயே நேரத்தில் காற்பங்கு கழிந்தது. பழைய பொறிகளைப் பேணுவதில் இன்னொரு காற்பங்கு. திட்டமிடுவதில் ஐந்தில் ஒரு பங்கு. கையாற் சோதிப்பதில் நூற்றுக்குப் பதினைந்து, ஒன்றுசேர்ப்பதில் பத்து. புதியது படைப்பதற்கு எஞ்சியது நூற்றுக்கு ஐந்தே! நானூறு பேர் ஊதியம் பெற, இருபது பேர் செய்யத்தக்க புதுப்பணியே நிகழ்ந்தது என்று கொள்ளலாம்.

அவர்கள் கிளைகளையெல்லாம் ஒழித்து ஒரே அடிமரமாக்கினர். அச்சுப்பொறியின்றியே சோதிக்குமாறு, அப்பொறிபோல் நடந்துகொள்ளும் மென்பொருளை உருவாக்கினர். ஆறு வாரம் பிடித்த முழுச் சோதனை ஒரே நாளில் முடியலாயிற்று. 2011-ஆம் ஆண்டளவில் புதியது படைக்கும் நேரம் நூற்றுக்கு நாற்பதாக உயர்ந்தது. இஃது இணையதளம் அன்று. வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும் இரும்புப் பொறிக்குள் இயங்குவது. அவர்கள் நாள்தோறும் வாடிக்கையாளருக்கு அனுப்பவில்லை. நாள்தோறும் அனுப்பத்தக்க நிலையில் வைத்திருந்தனர்.

"விரைந்து செய்தால் தரம் கெடாதா?" என்று பெரியோர் கேட்பர். நியாயமான வினா. நிக்கோல் பார்ஸ்கிரென் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவர் இருவரும் 2,000-க்கு மேற்பட்ட நிறுவனங்களிலிருந்து 23,000-க்கு மேற்பட்ட விடைகளைத் திரட்டி ஆராய்ந்து, 2018-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். அடிக்கடி வெளியிடுவோரிடமே பிழையும் குறைவாக இருந்தது. நேர்ந்த பிழையும் விரைவில் சரிசெய்யப்பட்டது. இன்னொன்றும் கண்டனர். வெளியிலிருந்து கையொப்பமிடும் குழுக்கள் உள்ள இடங்களில் வேலை தாமதப்பட்டது. ஆனால் பிழைபடும் மாற்றங்களின் விகிதம் அக்குழுக்களாற் குறைந்ததாகச் சான்று இல்லை. கையொப்பக் குழுவில் அமர்ந்து தேநீர் அருந்திய பழக்கமுடைய நண்பர்கள் இம்மன்றத்திலும் உள்ளனர். அவர்கள் என்னைக் கோபிக்க வேண்டா.

வளரும் நிறுவனம் எங்கே தொடங்குவது? கருவி வாங்குவதில் தொடங்குவோரே மிகுதி. ஜெங்கின்ஸ் போன்ற நல்ல கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன. அவற்றை நிறுவிவிட்டு "நாங்களும் தொடர் வழங்கலில் இருக்கின்றோம்" என்று பலகை மாட்டிக்கொள்கின்றனர். உள்ளே பழைய மூன்று திங்கள் வெளியீடே நடக்கும். முதலிற் கேட்க வேண்டிய வினா வேறு. ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்த நேரத்திலிருந்து, அவ்வரி வாடிக்கையாளர் கையிற் சேர எத்தனை நாள் ஆகின்றது? மேரி பாப்பெண்டீக், டாம் பாப்பெண்டீக் என்னும் தம்பதியர் இவ்வினாவை எழுப்பினர். ஒரு வரி எழுத ஐந்து நிமிடம். சென்று சேர நாற்பது நாள் என்றால், அந்த நாற்பது நாளும் எங்கே கழிந்தன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பெரும்பகுதி காத்திருப்பாகவே இருக்கும்: இன்னார் விடுப்பில் இருந்தார், சோதனைச் சர்வர் வேறொருவரிடம் இருந்தது, குழு வியாழக்கிழமைதான் கூடும்.

அடுத்தது ஒரே அடிமரம். இதற்குத்தான் எதிர்ப்பு மிகுதி. வளரும் நிறுவனத்தில் ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு கிளை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அதிலேயே வேலை செய்யும். பிரிந்திருக்கும்போது அமைதியாகவே இருக்கும். சேரும் நாளிற்றான் சண்டை. கூட்டுக் குடும்பத்தில் அன்றாடம் பேசித் தீர்க்காத கணக்கை ஆண்டிறுதியில் ஒரே நாளிற் பேசப் புகுந்தாற்போல என்க. நாள்தோறும் சேர்த்தால் சண்டையும் நாள்தோறும் நிகழும். ஆனால் சிறிதாக நிகழும். "முடியாத வேலையை எவ்வாறு சேர்ப்பது?" என்பர். அதற்கு மின்விளக்கின் விசை போன்ற ஏற்பாடு உண்டு. கம்பியை இன்றே இழுத்துவிடலாம். விசையைப் பின்னர்ப் போடலாம். புதிய பகுதி சர்வரில் இருக்கும். எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் வேலை முடிந்த விசைகளைக் கழற்றி எறிய வேண்டும். நைட் கேப்பிடலைக் கெடுத்தது, கழற்றாமல் விட்ட பழையதும் அதன்மேல் மறுபடி ஏறிய அடையாளக் குறியும் அன்றோ?

பின்னர்ச் சோதனைகளைத் தானே இயங்குமாறு எழுதுதல். ஒருமுறை கட்டியதையே எல்லா இடத்திலும் ஏற்றுதல். தரவுத்தளத்தைத் திருத்துங்கால், புதிய பாலத்தில் வண்டி ஓடத் தொடங்கியபின் பழைய பாலத்தை இடிப்பதுபோல, இரண்டையும் சிறிது காலம் வைத்திருத்தல். இவற்றை விரித்தால் நேரம் போதாது.

ஒன்றைமட்டும் விடுதற்கில்லை. புதிய நிரலை முதலிற் சிலருக்கு மட்டும் தந்து, தீங்கில்லை எனக் கண்டபின் மற்றையோருக்குத் தருவதைக் 'கேனரி' முறை என்பர். கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் நம்முள் பல; சுரங்கத்தின் அடியில் இறங்குவார் அச்சம் அவர்களுக்குத் தெரியும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறியக் கேனரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் எடுத்துச் சென்றனர். 1986 வரை அவ்வழக்கம் இருந்தது. பெயர் அங்கிருந்து வந்ததே. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், நமக்குக் காலை பத்து மணி அளவில், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கிற்று. நம் விமான நிலையங்களில் விமானம் ஏறுதற்குரிய அனுமதி அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். தன் முதன்மை மென்பொருளைப் படிப்படியாக அனுப்பிய அந்நிறுவனம், இத்தகைய கோப்புகளை மட்டும் எல்லாருக்கும் ஒரே வேளையில் அனுப்பி வந்தது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றனர். முடங்கிய பொறிகளை எழுப்பப் பல நாள் ஆயிற்று. விரைவாக அனுப்புதலே தொடர் வழங்கல் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியைப் படிக்க வேண்டும்.

நிற்க. கருவியையும் முறையையும்விடக் கடினமானது மனிதர் மனம். நான் பார்த்த ஓரிடத்தில் வெளியீட்டில் பிழை நேர்ந்தால் மறுநாட் காலை கூட்டத்தில் முதல் வினா "யார் செய்தது?" என்பதே. அங்கே எவரும் சிறு மாற்றத்தைத் துணிந்து வெளியிடார். பெருங்கூட்டத்திடையே தம் பெயர் மறையும் என்று முந்நூற்றோடு சேர்த்தே அனுப்புவர். ஆகவே அச்சம் உள்ள இடத்தில் மாற்றம் தேங்குகின்றது. எட்சி என்னும் வணிகத் தளத்தில் இருந்தபோது, முன்னே கூறிய ஆல்ஸ்பா 2012-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். பிழை செய்தவரைத் தண்டிக்காமல், அவருக்கு அந்நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, ஏன் அச்செயல் சரியெனப் பட்டது என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, முறையைத் திருத்த வேண்டும் என்பது அதன் கருத்து. தண்டிக்கப்பட்டவன் அடுத்தமுறை உண்மையை மறைப்பான். இதனை மேலதிகாரிகள் ஏற்றாலன்றி எந்தக் கருவியும் பயன்படாது.

இந்நகரத்திற்கென ஓர் இடர்ப்பாடும் உண்டு. இங்குள்ள நிறுவனங்கள் பல அயல்நாட்டார்க்காக வேலை செய்வன. அமெரிக்காவின் சனி இரவு நமக்கு ஞாயிறு காலை. வெளியீட்டின் நேரத்தை வாடிக்கையாளரே ஒப்பந்தத்தில் எழுதி வைத்துள்ளார். விழித்திருக்கும் நேரத்திற்கும் கூலி உண்டாகையால் அதனைக் குறைக்க இருசாராருக்கும் ஆர்வமில்லை. ஒப்பந்தம் எழுதுவோர் மனிதர்–மணி கணக்கை விட்டு, மாற்றம் சென்று சேரும் காலத்தைக் கணக்கிட முன்வந்தால் இது தீரும். சில இடங்களில் அவ்வாறு எழுதத் தொடங்கியுள்ளனர்.

இறுதியாக, பலர் மனத்தில் உள்ளதும் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவதுமான வினா. சோதனைகள் தாமே இயங்கினால், இன்று கையாற் சோதிக்கும் பிள்ளைகள் என்னாவர்? நம் சிற்றூர்களிலிருந்து வந்து முதல் வேலையாக இதனையே பெற்ற இளைஞரும் மங்கையரும் பலர். அவர்கள் ஊதியத்தில் இங்கும் ஊரிலும் இரு வீடுகள் நடக்கின்றன. எச்.பி. கணக்கில் கையாற் சோதிப்பதற்குரிய பங்கு பதினைந்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. அவ்வேலை குறையும் என்பதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயினும், எங்கே பிழை ஒளிந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததுபோல் எழுதுவோர்க்குத் தெரியாது. நான் அறிந்த ஒரு நிறுவனத்தில், தானியங்கிச் சோதனையை எழுத வெளியாட்களை அமர்த்தாமல், இருந்த சோதனையாளர்களுக்கே ஆறு திங்கள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், அலுவலக நேரத்திலேயே கற்பித்தனர். இருபத்திருவருள் பதினேழு பேர் இன்று அச்சோதனைகளை எழுதுகின்றனர். மூவர் வாடிக்கையாளர் தேவையை ஆராயும் பணிக்குச் சென்றனர். இருவர் வேறிடம் சென்றனர். கற்பித்தலை முதலிலும் குறைத்தலைப் பின்னரும் வைத்தமையால் இஃது இயன்றது. வரிசையை மாற்றிச் செய்த இடங்களில், சோதிக்கத் தெரிந்தவர் அனைவரும் போனபின், தானியங்கி எதனைச் சோதிக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமற் போயிற்று.

இத்தொழிலில் உள்ள இளைஞர்களுக்கு ஐயங்கள் இருக்கக்கூடும். இசை நிகழ்ச்சி தொடங்கும்வரை வாயிற்புறத்தில் இருப்பேன்.